திங்கட்கிழமைகளில் கோட்டை மூடியிருக்கும்

ஜூலை 22, செவ்வாய்

காங்கேயம் நாச்சிமுத்து ஆகிய நான், ஏழு கடலையும் எழுபது மலையையும் தாண்டி, இன்று காலை செக் நாட்டைக் கைப்பற்றினேன். எதிர்ப்பு எதுவும் இல்லை. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி மட்டும் என் பெட்டியைத் திறந்து, அக்கா கொடுத்துவிட்ட நாரத்தங்காய் ஊறுகாயை மோந்து பார்த்தான். அவன் போட்ட தும்மலில் ஓடுதளத்தில் நின்ற விமானம் ஒன்று தானாகக் கிளம்பிவிட்டது. அப்புறம் "போ போ" என்று கைகாட்டிவிட்டான்.

மேகலாவும் மாப்பிள்ளை தனசேகரும் அழைக்க வந்திருந்தார்கள். மேகலா என் அக்கா ராமாத்தாளின் ஒரே மகள். என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள். குத்தியவர் கையை அவள் கடித்ததில் அந்த ஆசாரி தொழிலையே விட்டுவிட்டார். இப்போது புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் இந்தச் செக் நாட்டின் ஏதோ ஒரு மூலை மாவட்டத்தில், வேறு வேறு கம்பெனியில் வேலை. பிராக் நகரத்திலிருந்து காரில் வந்தோம். வழியெல்லாம் கோதுமை வயல், பைன் காடு, குன்று. குன்றுக்குக் குன்று ஒரு கோட்டை.

நான் சும்மா ஊர் சுற்ற வரவில்லை. அக்கா வீட்டுக்குத் தாய்மாமன் என்ற உத்தியோகத்தில் வந்திருக்கிறேன். கோவை விமான நிலைய வாசலில் வைத்து அக்கா சொன்னது இது:

"போன்ல பேசறா, சிரிக்கறா. ஆனா என்னமோ மறைக்கறாடா. கொழந்தைப் பேச்செடுத்தா போனை வெச்சுப்போடறா. ஆவணியில நம்ம குலதெய்வக் கோவில்ல ரெண்டு பேரையும் உக்கார வெச்சு யாகம் பண்றதுன்னு பங்காளிக்கெல்லாம் சொல்லிட்டேன். நீ போயி என்ன ஏதுன்னு பாரு. உன்ற கதையெல்லாம் வேண்டாம். நெசத்தை மட்டும் சொல்லு."

கூடவே ஒரு பொட்டலம். மஞ்சள், குங்குமம், புது மஞ்சள் கயிறு. ஆடிப் பதினெட்டு அன்று மேகலா தாலிக்கயிறு மாற்ற வேண்டும், அதை அக்கா போனில் கண்ணால் பார்க்க வேண்டும்.

தனியார் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தே தலை நரைத்தவன் நான். தூங்குவதுபோல் நடிக்கிறவனின் இமையைப் பார்த்தே அவன் எந்த ஸ்டாப்பில் ஏறினான், டிக்கெட் எடுக்காததற்கு என்ன பொய் சொல்லப் போகிறான் என்று சொல்லிவிடுவேன். இந்த வீட்டில் கால் வைத்ததுமே எனக்கு மூக்கில் வேர்த்தது.

முதல் சந்தேகம்: பெற்ற தாயை விட்டுவிட்டு மாமனை எதற்கு அழைத்தாள்?


ஜூலை 23, புதன்

மாப்பிள்ளையின் தொழிற்சாலையைக் கோடைக்கு மொத்தமாக மூடிவிட்டார்களாம். இங்கே அது வழக்கமாம். ஆகவே தினமும் ஒரு கோட்டை காட்டுகிறேன் என்றார். மேகலாவுக்கு லீவு இல்லை.

இந்த ஊர்க்காரர்கள் கோட்டையை மூன்று சாதியாகப் பிரித்திருக்கிறார்கள். 'ஹ்ராட்' என்றால் சண்டைக் கோட்டை. 'ஜாமெக்' என்றால் சண்டையெல்லாம் ஓய்ந்தபின் சோக்காளி ஜமீன்கள் கட்டிய மாளிகை. மூன்றாவது வெறும் இடிபாடு, அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை.

இன்று ஹ்ராட். சுவரின் கனம், ஒரு பக்கத்தில் சோறு வைத்துவிட்டுக் கிளம்பினால் மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் ஊசிப்போகும். நினைத்தபடி உள்ளே போக முடியாது. வழிகாட்டி அம்மாள் ஒருத்தி சாவிக்கொத்தோடு வந்தாள். அந்தக் கொத்தைத் தூக்க இரண்டு மாடு வேண்டும். காங்கேயம் காளையாக இருந்தால் ஒன்று போதும். ஓர் அறையைத் திறந்து எல்லோரையும் உள்ளே விட்டாள். விட்டபின் நமக்குப் பின்னால் கதவைப் பூட்டினாள். அப்புறம்தான் அடுத்த கதவைத் திறந்தாள். இப்படியே அறைக்கு அறை.

"ஏனுங் மாப்ள, பூட்டறாளே?"

"அதுதானுங் மாமா இங்க மொறை. கூட்டத்துல யாரும் பின்தங்கிடக் கூடாதில்லீங்."

எனக்கென்னவோ, ஒரு தடவை உள்ளே வந்தவன் வந்த வழியே போகக் கூடாது என்ற ஏற்பாடாகத்தான் பட்டது.

மொழிபெயர்ப்பிலும் சந்தேகம். அந்தம்மாள் கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, நடுவில் கண்ணைக்கூடத் துடைத்து ஒரு முழுப் பாரதம் சொன்னாள். மாப்பிள்ளையைப் பார்த்தேன். "இது சாப்பாட்டு அறைங் மாமா" என்றார்.

மிச்சத்தை எங்கே ஒளித்தார்?

மத்தியானம் அக்காவுக்குப் போன் செய்தேன். கோட்டைச் சமையலறையில் இருந்த அண்டாவில் ஏழு யானைகளை ஒன்றாகக் குளிப்பாட்டலாம் என்றேன். குலதெய்வத்தின் மேல் சத்தியமும் செய்தேன்.

"சரிடா, ஆறு யானையைக் கழிச்சுக்கறேன்" என்றாள். "மேகலா எப்பிடியிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கறா. ஆனா வெசாரணை நடக்குதுங்க்கா."


ஜூலை 24, வியாழன்

காலையில் மாப்பிள்ளையைக் காணோம். "ஓடப் போயிருக்காருங் மாமா" என்றாள் மேகலா. நல்ல பழக்கம். ஆனால் ஓடப்போனவர் காரில் வந்து இறங்கினார். வேர்வை ஒரு சொட்டு இல்லை.

இப்படி ஓடினால் நான்கூட நூறு வயது வரைக்கும் ஓடுவேன்.


ஜூலை 25, வெள்ளி

இன்று ஜாமெக். மஞ்சள் சுவர், பச்சைப் புல்வெளி, மயில். வாசலில் ஒரு பெரிய பெட்டி நிறையக் கம்பளிச் செருப்பு. பூட்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். மரத்தரை கீறல் படக் கூடாதாம். அந்தச் செருப்புக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். நடக்க முடியாது, வழுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். வருகிறவர்களிடம் டிக்கெட்டையும் விற்று, அவர்களை வைத்தே தரையையும் பளபளவென்று தேய்த்துக்கொள்கிற நாட்டை இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் பஸ் முதலாளிக்கு இது தெரியாமல் போயிற்று.

செருப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கே வீட்டு நிலைக்குள் நுழைந்ததும் வெளிச் செருப்பைக் கழற்றி, வீட்டுச் செருப்பு மாட்டிக்கொள்வார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளாளுக்குச் சொந்தமாக ஒரு ஜோடி. விருந்தாளிக்கென்று ஒரு கூடையில் தனியாகச் சில ஜோடி. என்னைக் கூடையில் எடுக்கச் சொன்னாள் மேகலா. எடுத்தேன். எனக்கு அடுத்து மாப்பிள்ளையும் கூடையில்தான் எடுக்கிறார்! ரோஸ் நிறத்தில் பூப்போட்ட செருப்பு. குதிகால் பாதி வெளியே தொங்குகிறது. வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், தினமும் அதேதான்.

"ஏனுங் மாப்ள, சொந்தமா ஒரு சோடி வாங்கக் கூடாதுங்களா?"

"பிஞ்சு போச்சுங் மாமா."

மேகலா சட்டென்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பால் ஒன்றும் பொங்கவில்லை.

அப்புறம் மாப்பிள்ளை காப்பி போட எழுந்தார். போனவர், "சக்கரை எங்க?" என்று கேட்டார். தன் வீட்டில் தன் சர்க்கரை எங்கே என்று தெரியாத ஆம்பிளைகள் எங்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் இவர் கேட்ட தொனி வேறு. ஓட்டலில் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்பதுபோல் கேட்டார்.


ஜூலை 26, சனி

வழக்கில் பெரும் முன்னேற்றம்.

மேகலாவுக்கு இன்று லீவு. "மூணு பேரும் சேர்ந்து போலாம் கண்ணு" என்றேன். தலைவலி என்றாள். இருவரும் சேர்ந்து ஒரு காரில் ஏறியதை நான் விமான நிலையத்தோடு பார்த்தது.

மழை வரும்போல் இருந்தது. குடை எடுக்கலாம் என்று மாப்பிள்ளை பார்க்காத நேரத்தில் கார் டிக்கியைத் திறந்தேன். உள்ளே: தலைக்கவசம். கொத்துக் கரண்டி. கடப்பாரை. முழங்கால் வரை சுண்ணாம்பு அப்பிய ஒரு பேண்ட். சுருட்டிய படுக்கை. இஸ்திரி போட்ட சட்டைகள். ஒரு குக்கர். எல்லாவற்றுக்கும் நடுவில், நான் ஊரிலிருந்து சுமந்துகொண்டு வந்த நாரத்தங்காய் ஊறுகாயில் பாதி, வேறு பாட்டிலில்!

நான் குடையை எடுக்காமலே டிக்கியை மூடினேன். நனைந்தேன். துப்பறிகிறவன் நனைவது சகஜம்.

முடிவு: மாப்பிள்ளை புதையல் தோண்டுகிறார். இந்த மாவட்டத்தில் கல்லைப் போட்டால் கோட்டையில் விழும். கோட்டை இருந்தால் ராஜா இருந்திருப்பான், ராஜா இருந்தால் புதையல் இருக்கும். என்னை ஊர் சுற்றிக் காட்டுகிற சாக்கில் இடம் பார்த்து வைக்கிறார். விடியலில் 'ஓடப்' போகிறார். களைத்தால் படுக்க படுக்கை, பசித்தால் சோறு வடிக்கக் குக்கர், தொட்டுக்கொள்ள அக்காவின் ஊறுகாய். எல்லாம் பொருந்துகிறது.

சட்டை மட்டும் பொருந்தவில்லை. தோண்டுகிறவனுக்கு எதற்கு இத்தனை இஸ்திரிச் சட்டை?


ஜூலை 27, ஞாயிறு

இன்னொரு ஹ்ராட். இன்னொரு சாவிக்கொத்து. பாதாளச் சிறையில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டேன். என் குரல் இன்னும் திரும்பி வரவில்லை.

மாப்பிள்ளை தரையைவிடச் சுவரைத்தான் அதிகம் தட்டிப் பார்க்கிறார். சுவருக்குள் வைத்திருப்பார்களோ?


ஜூலை 28, திங்கள்

திங்கட்கிழமைகளில் இந்த நாட்டில் கோட்டை எல்லாம் மூடியிருக்குமாம்.

காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கோட்டைக்குப் போகிற மிடுக்கோடு வாசலில் நின்றேன். மேகலா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "இன்னைக்குத் திங்கக்கெழமைங் மாமா, எல்லாம் லீவு" என்றாள்.

"மாப்ள எங்கம்மிணி?"

"அவரு... வெளியில போயிருக்காருங்."

வரட்டும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. மத்தியானம் சோறு தின்றேன், வரவில்லை. மேகலா வேலை முடிந்து வந்தாள், குளித்தாள், துணி மடித்தாள். அவர் இல்லையே என்று வாசலைப் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை. இரண்டு தட்டு மட்டும் எடுத்து வைத்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. எடுத்து வைத்தபின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாக மூன்றாவது தட்டை எடுத்தாள்.

கோட்டைக்கு லீவு. ஆகவே மாப்பிள்ளைக்கும் லீவு. உலகத்தில் எந்த நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.


ஜூலை 29, செவ்வாய்

மேகலாவிடம் என் புதையல் ஆராய்ச்சியை எடுத்து வைத்தேன். சாட்சி, தடயம், கடப்பாரை, ஊறுகாய் என்று வரிசையாக. கடைசியில், "உன்ற புருசன் ஒரு கள்ள ராஜா, அம்மிணி. தங்கக் கிரீடம் கிடைச்சா எனக்கு ஒரு கல்லாச்சும் வாங்கிக்குடு" என்றேன்.

அவள் சிரித்தாள். சின்ன வயசில் சிரிப்பாளே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்படி. சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போனாள். தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"அப்பிடியே அம்மாகிட்டச் சொல்லுங் மாமா, புதையல் தோண்டறார்னு."

"உங்கம்மா நம்ப மாட்டாளே."

"அதானுங் மாமா" என்றாள்.

எதற்கு 'அதானுங்' என்றாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


ஜூலை 31, வியாழன்

இத்தனை நாளில் மூன்றாவது சாதியைப் பார்க்கவில்லையே என்று காலையில் பிடிவாதம் பிடித்தேன். இடிபாட்டைக் காட்டினால்தான் ஆச்சு என்றேன். மாப்பிள்ளை மழுப்பினார். பாதை மோசம் என்றார். பாம்பு இருக்கும் என்றார். நான் இதுவரை தொண்ணூற்றொன்பது பாம்பை மிதித்தவன், நூறாவதுக்குத்தான் காத்திருக்கிறேன் என்றேன். வேறு வழியில்லாமல் காரை எடுத்தார்.

ஓல்ஷோவ் என்று ஓர் இடிபாடு. காட்டுக்குள் ஏறிப்போக வேண்டும். மரங்களில் சிவப்புக் கோடும் வெள்ளைக் கோடும் போட்டு வழி காட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை அந்தக் கோடுகளைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போகிற மாடுபோல் முன்னால் போனார்.

மேலே ஒரு பாதிக் கோபுரம், வானத்தைப் பார்த்தபடி சில சுவர்கள். ஏழெட்டுப் பேர், ஆணும் பெண்ணும், தலைக்கவசம் போட்டுக்கொண்டு கல் சுமந்தார்கள், சுண்ணாம்பு குழைத்தார்கள். புதையல் கோஷ்டி என்று நினைத்து நான் ஒரு மரத்தின் பின்னால் மறைந்தேன். மறைந்த இடத்துக்கே ஒரு நாய் வந்து என்னைக் காட்டிக்கொடுத்தது. என்னைப் பார்த்துக் குரைத்த நாய், மாப்பிள்ளையைப் பார்த்ததும் புரண்டு வயிற்றைக் காட்டியது.

கூலி வாங்காமல் லீவு நாளில் வந்து உழைக்கிறார்களாம். ஓட்டகார் என்று ஒரு பெரியவர்தான் தலைவர். முன்பு ரயில் ஓட்டியவராம். பஸ்காரனும் ரயில்காரனும் கை குலுக்கினோம். அவர் கையில் இருந்த சுண்ணாம்பு என் கைக்கு வந்துவிட்டது.

"எப்பங் மாப்ள முழுக் கோட்டையும் எந்திரிக்கும்?"

"இடிஞ்சதைத் திருப்பிக் கட்டறதில்லைங் மாமா. மேல இடியாம நிறுத்தறதோட செரி."

"அப்பிடியொரு வேலை எதுக்குங்?"

"போறவங்க வர்றவங்க தலையில கல்லு விழாதில்லீங்."

ஓட்டகார் என்னிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். மாப்பிள்ளையைக் காட்டினார். கோபுரத்தடியில் இருந்த ஒரு மரக் குடிலைக் காட்டினார். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு மாப்பிள்ளை முதுகில் ஓங்கித் தட்டினார்.

"என்னங் சொல்றாரு?"

"நல்ல வெயில்ங்கறாருங் மாமா."

நான் குடிலுக்குப் போனேன். மாப்பிள்ளை தடுக்கவில்லை. ஒரு கட்டில். கயிற்றில் காய்கிற சட்டைகள். அலமாரியில் அரிசி, குக்கர் இருந்த இடம் காலி, தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. சுத்தமாகத் துடைத்துவைத்த ஓர் இடத்தில் அக்காவின் நாரத்தங்காய் பாட்டில். நிலைக்கு உள்பக்கம் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு. கறுப்பு. நன்றாகப் பழகிக் குதிகால் தேய்ந்திருந்தது. அவர் காலுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. பிய்யவில்லை.

மாப்பிள்ளை வந்து, அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு டீ போட்டார். இங்கே சர்க்கரை எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"மாமா..." என்றார்.

"டீ நல்லாருக்குங் மாப்ள."

"இல்லீங் மாமா, நான் வந்து..."

"சக்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல்."

புதையல் எதுவும் இல்லை. என் ஆராய்ச்சி தவறு.


ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று கோட்டை எதுவும் பார்க்கவில்லை. பருப்புச் சாதம் வைத்தேன். அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.


ஆகஸ்ட் 2, சனி

வீட்டுக்குப் பின்னால் ஒரு பிளம்ஸ் மரம். கீழே உதிர்ந்த காய்களை நானும் மேகலாவும் பொறுக்கினோம். குனிந்தபடியே பேசியதால் அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"ஓல்ஷோவ் போனீங்களாமா."

"போனேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"சித்திரையிலயே கோர்ட்ல முடிஞ்சுபோச்சுங் மாமா. சண்டையெல்லாம் இல்லை. அவரு நல்லவரு. ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமில்லாமப் போயிருச்சு. சாப்பிட்டீங்களா, கேஸ் மூடியாச்சா, கரண்ட் பில்லு வந்துச்சா. ரெண்டு வருசம் இதேதானுங். ஒரு நாள் அதையும் கேக்காம விட்டுட்டோம். விட்டது ரெண்டு பேருக்குமே தெரியலைங்."

நான் ஒரு பிளம்ஸைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

"வீடு கிடைக்கற வரைக்கும் அவரு அங்க காவலுக்குப் படுத்துக்கறாரு. யாரையாச்சும் அனுப்பியே தீருவேன்னு அம்மா ஒத்தக்கால்ல நின்னாங்க. நாந்தான் உங்களை அனுப்பச் சொன்னேன். மாமா இருக்கற வரைக்கும் மட்டும் வந்துட்டுப் போங்கன்னு அவர்கிட்டக் கேட்டேன். சரின்னாரு."

"என்னைய ஏங் கண்ணு சொன்ன?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"நீங்களே கண்டுபிடிச்சு ஊர்ல போயிச் சொன்னாலும், யாரும் நம்ப மாட்டாங்கன்னு..."

நான் சிரித்தேன். பிரமாதமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்குமேல் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். நல்ல ஏற்பாடு என்றேன். ராஜதந்திரம் என்றேன். இப்படி ஒரு மூளை எங்கள் குடும்பத்தில் எனக்கு அப்புறம் உனக்குத்தான் வாய்த்திருக்கிறது என்றேன்.

"கோவிச்சுக்காதீங் மாமா."

"கோவமா? எனக்கா?"

பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பிளம்ஸ் பொறுக்கினோம். பொறுக்க அதிகம் இல்லை.

"நாளைக்கு ஆடிப் பதினெட்டு" என்றாள். "அம்மா வீடியோவுல வருவாங்க. கயிறு மாத்தறதைக் காட்டச் சொல்லுவாங்க. தாலியக் கழட்டி வெச்சு மாசமாச்சுங் மாமா. நாளைக்கு ஒரு நாளைக்குப் போட்டுக்கலாம், அவரும் வந்து பக்கத்துல நிக்கறேன்னுதான் சொல்லியிருக்காரு. ஆனா அடுத்து ஆவணி. அங்க கோவில்ல, பங்காளிக எல்லாம் பார்க்க, அவரு பக்கத்துல உக்காரோணும். பொய்யா ஒருக்கா உக்காந்துட்டா அப்புறம் எந்திரிக்கவே முடியாதுங் மாமா."

"உங்கம்மாகிட்ட நீயே சொல்லலாமல்ல?"

"எத்தனையோ வாட்டி ஆரம்பிச்சேன். அம்மான்னதுமே அவங்க அழுக ஆரம்பிச்சர்றாங்க. கொழந்தை இல்லாததுக்குத்தான் நான் அழுகறேன்னு நெனச்சுக்கறாங்க. நீங்க சொல்லுங் மாமா."

"என்னைய யாரும் நம்ப மாட்டாங்கன்னு இப்பத்தான் சொன்ன."

"ஆமாங்" என்றாள். அவளுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் கயிற்றுப் பொட்டலத்தை வைத்தேன். பிரிக்கவில்லை. மேகலாவை அடுப்பங்கரைக்கு அனுப்பினேன். அக்காவின் அழைப்பு வந்ததும் நானே எடுத்தேன். புதுப் புடவை, தலை நிறையப் பூ. பின்னால் மச்சான் நாற்காலியில் பேப்பரோடு.

"எங்கடா அவ? குளிச்சாளா? மாப்ள இருக்காரா?"

"அக்கா, ஒரு விசயம் சொல்லோணுங்."

"சொல்லு. இன்னைக்கு எத்தனை யானை?"

"மேகலாவும் மாப்ளையும் பிரிஞ்சுட்டாங்க்கா. கோர்ட்ல முடிஞ்சுபோச்சு. சித்திரையில."

அக்கா சிரித்தாள். "ஏன்டா, நல்ல நாளும் அதுவுமா இப்பிடியா வெளையாடுவ? மாப்ளையக் கூப்புடு."

"அவரு இங்க இல்லீங்க்கா."

"பொறகு எங்க இருக்காரு?"

இந்த இடத்தில் ஏதாவது ஒரு வாடகை வீடு, ஏதாவது ஒரு நண்பர் அறை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஆனால் நெசத்தை மட்டும் சொல்லு என்று அனுப்பியவள் அவள்தான்.

"ஒரு கோட்டையில குடியிருக்காருங்க்கா."

அவ்வளவுதான். அக்கா சிரித்த சிரிப்பில் பூ கழன்று தோளில் விழுந்தது. "ஏனுங்க, கேட்டீங்களா?" என்று மச்சானைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க மருமகன் கோட்டையில ராசாவா இருக்கறாராமா!" மச்சான் பேப்பரை மடித்துவிட்டு அவரும் சிரித்தார்.

சத்தியம் செய்யலாம் என்று நினைத்தேன். எதன்மேல் செய்வது? குலதெய்வத்தின்மேல் யானைக்குச் செய்தாயிற்று. அம்மா மேல், அப்பா மேல், என் கண்ணின்மேல் எத்தனையோ அண்டாவுக்கும் பாம்புக்கும் செய்து தேய்ந்துவிட்டது. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தால் நம்புவாளா என்று யோசித்தேன். சேர்க்கச் சேர்க்கக் கதையாகத்தான் போகும்.

அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"அப்புறம்? கோட்டையில எத்தனை ராணி?" என்றாள் அக்கா.

நான் பேசவில்லை.

"டேய்."

பேசவில்லை.

"நாச்சிமுத்து, என்னடா? போன் நின்னுபோச்சா?" திரையைத் தட்டினாள். நான் கண்ணை இமைத்தது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன் நின்றுபோகவில்லை என்பதும். அவள் சிரிப்பு உடனே போகவில்லை. வாயில் இருந்தபடியே மெதுவாக வேறு என்னவோ ஆயிற்று. நான் பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்தவள். நான் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

தோளில் விழுந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மச்சான், "என்னம்மா?" என்று கேட்டதற்குக் கையை மட்டும் அமர்த்திக் காட்டினாள்.

பிறகு, "அந்தக் கோட்டையில கூரை இருக்குதாடா?" என்றாள்.

"அவரு படுத்திருக்கற எடத்துல இருக்குதுங்க்கா."

"குளிருமா?"

"கொஞ்சம்."

"அவகிட்டக் குடு."

அடுப்பங்கரைக்குப் போய் மேகலாவிடம் போனைக் கொடுத்தேன். கை துடைக்காமலே வாங்கினாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

வேலியோரம் கார் நின்றது. கயிறு மாற்றும்போது பக்கத்தில் நிற்பதற்காக, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு தனசேகர் வந்திருந்தார். உள்ளே வரலாமா வேண்டாமா என்று காரைப் பிடித்தபடி நின்றார்.

"முடிஞ்சுதுங்களா மாமா?"

மாப்ள என்று கூப்பிட வாயெடுத்தேன். வரவில்லை.

"பேசிட்டிருக்கறாங்க தம்பி. இப்ப உள்ள போக வேண்டாம். வா, நம்ம ரெண்டு பேரும் ஒரு நடை போயிட்டு வரலாம்."

"எங்கங் மாமா?"

"கோட்டை இல்லாத பக்கமாப் பார்த்துப் போலாம்."

அவர் நாலு திசையையும் நிஜமாகவே பார்த்தார். "அப்பிடியொரு பக்கம் இங்க இல்லீங்களே" என்றார்.

இருந்தும் நடந்தோம்.